தற்சார்பு வீட்டுக்கு உரக்கழிப்பறையும் குளியல் நீர் மறுபயன்பாடும்: எங்கள் நிலத்துக்கு எது சரிப்படும்?

வெளிவீடு (தொடக்கப் பதிவு)

நண்பர்களுக்கு வணக்கம். பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் எட்டாத நிலத்தில் சிறிய வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புகிறது. மின்சாரம் கூரையிலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து வரும். தண்ணீருக்கு ஒரு மழைநீர்த் தொட்டியும் ஒரு கிணறும். குடிக்கத் தகுந்த நீரை ஒவ்வொரு முறையும் ஆறு லிட்டர், ஒன்பது லிட்டர் என்று ஊற்றி மலத்தைத் தள்ளிவிடும் ஏற்பாட்டை இந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே, தண்ணீர் ஊற்றாமல் மலத்தை உரமாக்கும் உரக்கழிப்பறை என்று முடிவு செய்துவிட்டோம். குளியல், துவைப்பு நீரையும் மரங்களுக்குத் திருப்ப வேண்டும்.

நிலவரம் இதுதான். நாங்கள் நால்வர். அம்மாவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. எல்லோரும் தண்ணீரால் கழுவுகிறவர்கள். மண் களிமண். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் ஆழத்துக்கே வந்துவிடுகிறது. கிணறு வீட்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. கொத்தனார், "ஒரே குழி போதும், நிறைந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஒருவர் சாம்பல் போடச் சொல்கிறார், இன்னொருவர் சாம்பலே கூடாது என்கிறார். எதை நம்புவது?

மண்புழு

முதலில் குழியை மறந்துவிடுங்கள். நிலத்தடி நீர் ஒரு மீட்டரில் நிற்கும் களிமண் நிலத்தில், கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் குழி எடுத்தால் மழைக்காலத்தில் அந்தக் குழியும் கிணறும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்ளும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வறண்ட மண் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. உங்களிடம் அந்த மண்ணே இல்லை. எதைக் கட்டினாலும் தரைக்கு மேலே, அடித்தளம் நீர் கசியாத சிமென்ட்டாக இருக்கட்டும்.

சாம்பல் விஷயத்தில் இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பேசிய கழிப்பறைதான் வேறு வேறு. தண்ணீர் ஊற்றாத கழிப்பறையில் இரு வகை உண்டு. ஒன்று உலர்த்தும் வகை. சிறுநீரைத் தனியே பிரித்துவிட்டு, மலத்தின் மேல் சாம்பலோ சுண்ணாம்போ தூவுவார்கள். ஈரம் வற்றுகிறது, காரத்தன்மை ஏறுகிறது, கிருமி சாகிறது. 1950களில் வியட்நாமின் ஊர்ப்புறங்களில் பரவிய இரட்டை அறைக் கழிப்பறை இந்த வகைதான். மற்றது மட்கும் வகை. இதில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும், பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வேண்டும், கரிமம் வேண்டும். மலத்திலும் சிறுநீரிலும் நைட்ரஜன் மிகுதி, கரிமம் குறைவு. மட்குவதற்கு 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்பது உகந்த அளவு. அதை ஈடுகட்டத்தான் மரத்தூளும் சருகும் போடுகிறோம். இந்த வகையில் சாம்பலை அள்ளிக் கொட்டினால் காரம் ஏறி நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். சிறுநீரும் சேர்ந்திருந்தால் அம்மோனியா கிளம்பி மூக்கை எரிக்கும்.

எந்த வகை என்று முதலில் முடிவெடுங்கள். மேலே போடும் பொருள் அதற்குப் பிறகு தானே முடிவாகிவிடும்.

கிணற்றடி

நாங்கள் சாம்பல் மட்டும்தான் போடுகிறோம். துளி வாடை இல்லை. வெளியே எடுக்கும்போது காய்ந்த தூளாகத்தான் வருகிறது. மரத்தூள் தேடி அலைய வேண்டியதில்லை. இவ்வளவு நன்றாக ஓடும் ஏற்பாட்டை ஏன் சிக்கலாக்க வேண்டும்?

மண்புழு

உங்களுடையது உலர்த்தும் வகை, கிணற்றடி. அதற்குச் சாம்பல் மிகப் பொருத்தம். ஆனால் வெளியே வரும் தூள் இன்னும் மட்கவில்லை, உலர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் பட்டதும் மட்கத் தொடங்கும். காய்கறிப் பாத்தியில் நேராகப் போடாமல், மரத்தடியில் மண் மூடி இடுங்கள், அல்லது மறுபடி ஒரு மட்குக் குவியலில் சேர்த்துவிடுங்கள்.

செவிலி

பொதுச் சுகாதாரப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் வாடையைப் பற்றியே பேசுகிறீர்கள். வாடை இல்லை என்பதற்கும் கிருமி இல்லை என்பதற்கும் தொடர்பே கிடையாது. மலத்தில் நான் அஞ்சுவது உருண்டைப்புழுவின் முட்டையைத்தான். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை இடும். அந்த முட்டையின் ஓடு அமிலத்துக்கும் சோப்புக்கும் அசையாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் செத்த பிறகும் அது இருக்கும்.

அதை அழிக்க வெப்பம், காரம், காலம் என்று மூன்று வழிகள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். சராசரி வெப்பம் 20 முதல் 35 டிகிரி உள்ள இடங்களில், புதிதாக எதுவும் சேர்க்காமல் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே உள்ள குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். சாம்பலோ சுண்ணாம்போ இட்டுக் கார அளவு (pH) 9ஐத் தாண்டியிருந்து, 35 டிகிரிக்கு மேல் வெப்பமும் 25 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரமும் இருந்தால் ஆறு மாதம் போதும்.

"புதிதாக எதுவும் சேர்க்காமல்" என்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒரே குழியில் இது நடக்கவே நடக்காது. அடியில் இருப்பது ஓராண்டு பழையதாக இருக்கலாம். மேலே நேற்றையது கிடக்கிறது, அதன் கசிவு அடிக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டு அறையோ பல கலன்களோ இருந்தால்தான் ஒன்றை மூடிவிட்டுக் காத்திருக்க முடியும். கொத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்த அறையைத் திறந்து அள்ளுகிறவர் அந்த வீட்டுக்காரராகவே இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கட்டுகிறவர் காத்திருக்கும் காலத்தைக் குறைத்துவிடுவார். தன் கைதான் உள்ளே போகும் என்று தெரிந்தவர் ஒரு மாதம் கூடுதலாகவே காத்திருப்பார்.

நிழல்மரம்

வெப்ப வழி ஏன் யாரும் பேசவில்லை? வாளியில் சேகரித்து, வெளியே பெரிய கூண்டில் வைக்கோலும் களைச்செடியும் கலந்து குவித்தால் குவியல் 55 டிகிரிக்கு மேல் ஏறும். கிருமி நாட்கணக்கில் முடிந்துவிடும். நீண்ட வெப்பமானியை நடுவில் குத்திப் பார்க்கலாம்.

செவிலி

நடுவில் 55 டிகிரி இருக்கும், ஐயா. ஓரத்தில் எவ்வளவு? குவியலின் விளிம்பிலும் அடியிலும் சூடு ஏறாது. சிறிய குடும்பத்தின் குவியல் பல வேளை சூடேறவே ஏறாது. சூடேறினால் மகிழ்ச்சி. ஆனால் அதை நம்பிக் காலத்தைக் குறைக்காதீர்கள். சூடேறிய குவியலும் ஓராண்டு கிடக்கட்டும்.

புதுவரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு தொல்லைக்குப் பதில் செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் என்ன?

மண்புழு

செப்டிக் டேங்கில் திடப்பொருள்தான் தங்கும். கிருமி நிறைந்த நீர் வெளியே வந்து மண்ணில் இறங்கியாக வேண்டும். களிமண்ணும் ஒரு மீட்டர் நிலத்தடி நீரும் உள்ள இடத்தில் அது எங்கே இறங்கும்? தவிர, தள்ளிவிட நீர் வேண்டும். அந்த நீர் இல்லை என்பதால்தான் இந்த இழையே தொடங்கியது.

வெளிவீடு

செவிலி அம்மா, மிக்க நன்றி. ஒரே குழி என்ற பேச்சு முடிந்தது. ஆனால் தரைக்கு மேலே இரட்டை அறை என்றால் ஐந்தாறு படி வைக்க வேண்டும் என்று கொத்தனார் கணக்குச் சொல்கிறார். அம்மாவால் அது முடியாது. சாய்தளம் போட்டால் நீளம் மிகுகிறது. வேறு வழி உண்டா?

குழாய்க்காரன்

உண்டு. அறை கட்டாதீர்கள். டிரம் வையுங்கள்.

சிறுநீரைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது மிகக் குறைவு. ஒருவர் ஓராண்டில் கழிக்கும் சிறுநீர் சுமார் 500 லிட்டர், மலம் 50 லிட்டர்தான். நால்வருக்கு 200 லிட்டர். மேலே போடும் மரத்தூள் அதே அளவு என்று வைத்தால் 400 லிட்டர், கொஞ்சம் கூட்டிக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 100 லிட்டர் டிரம் ஐந்தாறு நிறையும். எட்டு டிரம் இருந்தால் ஒன்று இருக்கைக்கு அடியில், மற்றவை கொட்டகையில் என்று சுழற்சி தடையில்லாமல் ஓடும். கழிப்பறையை வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி அமைத்து, சரிவின் தாழ்ந்த பக்கத்தில் டிரம்முக்கு மட்டும் கதவு வையுங்கள். உள்ளே தரைமட்டம் வீட்டோடு ஒன்றாகிவிடும், அம்மாவுக்குப் படியே வராது. சக்கரம் வைத்த பலகையில் டிரம்மை நிறுத்துங்கள். நிறைந்த டிரம்மைத் தூக்கவே கூடாது, உருட்டத்தான் வேண்டும். அடியில் ஒரு சாண் வைக்கோல் போட்டால் கசிவை அது உறிஞ்சிக்கொள்ளும்.

காற்றுக் குழாயை மறக்காதீர்கள். 110 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய், கூரைக்கு மேல் அரை மீட்டர், நுனியில் துருப்பிடிக்காத வலை. காற்று மேலே வீசும்போது கலனிலிருந்து வாடையை உறிஞ்சி எடுத்துவிடும். ஈ உள்ளே போனாலும் வெளிச்சத்தை நோக்கிக் குழாயில் ஏறி வலையில் சிக்கிக்கொள்ளும். 1970களில் ஜிம்பாப்வேயில் பீட்டர் மார்கன் செம்மைப்படுத்திய எளிய உத்தி இது. 2013இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது கிடைத்தது. கழிப்பறைக்குள் அரையிருட்டாக இருந்தால்தான் இது வேலை செய்யும்.

கிணற்றடி

சிறுநீர்க் குழாயைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் ஓயாத தலைவலி. அடைத்துக்கொண்டே இருக்கிறது.

குழாய்க்காரன்

அறுத்துப் பார்த்தீர்களா? நான் ஒரு வீட்டில் அறுத்த குழாய் இன்னும் என் பட்டறையில் இருக்கிறது. முக்கால் அங்குல பி.வி.சி. முழங்கை. உட்சுவர் முழுக்க வெள்ளையும் பழுப்புமாக, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும் கல் படிந்திருக்கிறது. நடுவில் பென்சில் நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம். வளைவின் வெளிப்பக்கம்தான் தடிப்பு அதிகம். சிறுநீர் தேங்கி நின்றால் யூரியா சிதைந்து காரமாகிறது. உடனே அதிலுள்ள மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோடு சேர்ந்து கல்லாகப் படிகின்றன. தலைமுடி ஒன்று சிக்கினால் போதும், அதைச் சுற்றி வளர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது: நல்ல வாட்டம், குறைந்த வளைவு, அகலமான குழாய். 50 மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள், படுக்கையாக நீளும் இடத்தில் 75 போடுங்கள். மறைத்துப் புதைக்காமல், கழற்றும் இணைப்போடு வெளியே தெரிகிற மாதிரி ஓட்டுங்கள். இரும்பும் செம்பும் வேண்டவே வேண்டாம், அரித்துவிடும். மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலமோ வினிகரோ வெந்நீரில் கரைத்து ஊற்றிச் சிறிது நேரம் விட்டால் கல் இளகிவிடும்.

வெளிவீடு

அருமை. டிரம் என்று முடிவு செய்துவிட்டேன். கழுவுகிற தண்ணீரை என்ன செய்வது? குளியல் நீர்க் குழாயிலேயே சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

செவிலி

வேண்டாம். கழுவிய நீரில் மலக் கிருமி இருக்கிறது. அளவு சிறிதுதான், ஒரு முறைக்கு ஒன்றிரண்டு லிட்டர். ஆனால் அதைக் குளியல் நீரில் கலந்த நொடியே முழுக் குளியல் நீரும் மலநீராகிவிடும். குழந்தைகளின் மலத்துணி அலசிய நீருக்கும் இதே விதிதான்.

கல்வாழை

இதற்கென்றே மூன்று வழி உள்ள பீங்கான் கிடைக்கிறது. முன்பக்கம் சிறுநீர், நடுவில் மூடியுள்ள துளை, பின்பக்கம் கழுவும் இடம். உட்கார்ந்தபடியே சற்று நகர்ந்து கழுவ வேண்டும், சில நாளில் பழகிவிடும். மேற்கத்திய இருக்கையில் இது சிரமம். அம்மாவுக்கு இருக்கைதான் வேண்டுமென்றால், பக்கத்திலேயே கைப்பிடியோடு கழுவும் பீடம் ஒன்று தனியாக வையுங்கள்.

கழுவிய நீர் அடிப்பக்கம் சிமென்ட் பூசிய சிறு பாத்தி ஒன்றுக்குப் போகட்டும். அடியில் சரளை, மேலே மணல், அதற்கு மேல் மண். கல்வாழை நடுங்கள். நீர் மேலே தெரியவே கூடாது. செடி குடித்து ஆவியாக்கிவிடும். உங்கள் நிலத்தடி நீர் நிலையில் அடி பூசாத பாத்தி ஆகாது.

நிழல்மரம்

குளியல், துவைப்பு நீரைத் தொட்டியில் சேர்த்து, மணல் வடிகட்டியில் தெளிய வைத்து, சிறு மோட்டாரால் தோட்டத்துக்கு இறைக்கலாம் என்று எண்ணுகிறேன். என் நண்பர்கள் இருவர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கல்வாழை

நண்பரே, சோப்பு நீரைச் சேமிக்கவே கூடாது. தோல் எண்ணெய், முடி, அழுக்கு எல்லாம் நுண்ணுயிர்களுக்குத் தீனி. 24 மணி நேரத்தில் உயிர்வளி தீர்ந்து அழுகத் தொடங்கிவிடும், கொசுவும் வந்துவிடும். வடிகட்டி இருந்தால் அதை யாராவது கழுவ வேண்டும். அந்த வழுவழுப்பை அள்ளிப் போட்டுக் கழுவும் வேலையை எந்த வீட்டிலும் சில மாதங்களுக்கு மேல் யாரும் செய்வதில்லை. மோட்டார் இல்லாமல், தொட்டி இல்லாமல், வடிகட்டி இல்லாமல், குளித்த நீர் குளித்த அன்றே மண்ணுக்குள் போய்விட வேண்டும். மண்ணைவிடச் சிறந்த வடிகட்டியை யாரும் கட்டியதில்லை.

வெளிவீடு, உங்களுக்கான கணக்கு இது. ஆளுக்கு 60 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 240 லிட்டர். களிமண்ணில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேல் இறங்கும் என்று நான் நம்பமாட்டேன். ஆக, மரச்சீவல் பரப்பிய மூடாக்குப் பாத்தி 24 சதுர மீட்டர் வேண்டும். ஒரே இடத்தில் வேண்டாம், நான்கைந்து மரங்களைச் சுற்றிப் பிரியுங்கள். குழாய்க்கு ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம். ஒவ்வொரு வாயும் மரச்சீவலுக்கு மேலே சற்றுத் தொங்கியபடி விழட்டும். வாய் மண்ணில் புதைந்தால் வேர் உள்ளே நுழைந்துவிடும். மேலே கல்லோ கவிழ்த்த சட்டியோ மூடுங்கள்.

கட்டும் முன் ஒரு சோதனை. ஒரு முழ ஆழத்தில் சிறு குழி எடுத்து நீர் நிரப்பி வற்ற விடுங்கள். மீண்டும் நிரப்பி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை. மழைக்காலத்தில் இறங்காமல் நின்றால் அந்த மாதங்களுக்கு மட்டும் வேறு வழி வேண்டும். அடி பூசிய சரளைப் படுகையில் நாணலோ சம்போ வளர்த்து, நீர்மட்டத்தைச் சரளைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே வைத்தால் கொசு வராது. ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் போதும். ஆனால் படுகை நீரைக் குடித்துத் தீர்த்துவிடாது, துப்புரவாக்கி வெளியே விடும். அந்த வாயும் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது.

மண்புழு

சலவைத்தூளைப் பற்றியும் யாராவது சொல்லியாக வேண்டும். களிமண்ணில் இது பெரிய விஷயம். தூளில் கனத்துக்காகச் சேர்க்கும் உப்புகளில் பெரும்பகுதி சோடியம். சோடியம் மிகுந்தால் களிமண்ணின் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, நுண்துளைகளை அடைத்து, மேலே வழுக்கும் ஏடாகப் படிந்துவிடும். பிறகு மழை நீரும் இறங்காது. திரவ சோப்பு, அதிலும் பொட்டாசியத்தில் செய்தது நல்லது. போரான் சேர்ந்ததும் வெளுப்புத் தூளும் வேண்டாம். வெளுப்புத் தூள் போடும் நாளில் மட்டும் நீரைத் திருப்பிவிட ஒரு திறப்பான் வையுங்கள்.

சமையலறை நீரில் எண்ணெயும் பருக்கையும் வருவதால் அதைத் தனியே வையுங்கள். மரச்சீவல் நிரப்பிய பாத்தி ஒன்று அதற்குப் போதும். சீவல் கறுத்ததும் அள்ளி மட்குக் குவியலில் போட்டுப் புதிது நிரப்பலாம்.

எந்தச் சோப்பு நீரையும் தெளிக்காதீர்கள். கீரை, முள்ளங்கி போன்று மண்ணைத் தொட்டு வளர்பவைக்கும் பச்சையாகத் தின்பவைக்கும் வேண்டாம். மரங்களுக்கு மட்டும்.

கிணற்றடி

சிறுநீரையும் அதே பாத்தியில் விடலாமே?

மண்புழு

விடலாம், ஆனால் அது உரம், வீணாகக் கொட்டாதீர்கள். உணவைப் பொறுத்து ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் 2 முதல் 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. மூடிய கலனில் பிடித்து, மூன்று முதல் பத்து மடங்கு நீர் சேர்த்து, வேருக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் ஊற்றி மூடுங்கள். திறந்து வைத்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். உப்பும் இருப்பதால் ஒரே மரத்துக்கே ஊற்றாமல் மாற்றிக்கொண்டே வாருங்கள். சொந்த வீட்டுச் சிறுநீரைச் சொந்த மரத்துக்கு இடச் சேமித்து வைக்கத் தேவையில்லை. கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் இடையே ஒரு மாதம் விட்டால் போதும்.

வெளிவீடு

குறித்துக்கொண்டேன். மூன்று வழிப் பீங்கான் ஒன்று, அம்மாவுக்குச் சிறுநீர்ப் பிரிப்பான் பொருத்திய இருக்கை ஒன்று, பக்கத்தில் கழுவும் பீடம். எட்டு டிரம். கழுவும் நீருக்கு அடி பூசிய கல்வாழைப் பாத்தி. குளியல், துவைப்பு நீருக்கு வீட்டின் மேற்குப் பக்கம் ஐந்து மரங்கள். அது கிணற்றிலிருந்து விலகி, 30 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சமையலறைக்குத் தனிப் பாத்தி. கொத்தனாரும் வரைபடத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். மண் சோதனையைக் கோடையிலும் மழையிலும் செய்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகள் மிச்சம். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது? பக்கத்து மர ஆலையில் தூள் இலவசமாகக் கிடைக்கிறது, எதை வேண்டுமானாலும் வாங்கலாமா?

செவிலி

மரத்தூளை இரு மடங்காகப் போடுங்கள். குணமானதும் அந்த டிரம் பாதி நிறைந்திருந்தாலும் மூடி, தேதியைப் பெயின்டால் மூடியிலேயே எழுதி, மற்றவற்றைவிட ஓராண்டு கூடுதலாக வையுங்கள். டிரம் மாற்றும்போது கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே, உள்ளேயல்ல, கைகழுவும் குழாயும் சோப்பும் இருக்கட்டும். அம்மாவுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

குழாய்க்காரன்

எல்லாத் தூளும் ஆகாது. பிளைவுட்டும் ஒட்டுப்பலகையும் அறுத்த தூளில் பசை இருக்கும், பூச்சி மருந்தூட்டிய மரத்தூளும் வேண்டாம். பச்சை மரம் அறுத்த தூளைக் கேளுங்கள். இயந்திரச் சீவலைவிட அறுவைத் தூள் நன்றாக மூடும். சற்று ஈரமாக ஒரு மழைக்காலம் வெளியே கிடந்த தூள் இன்னும் நல்லது, மட்குவது விரைவாகத் தொடங்கும். எலுமிச்சை அளவு கட்டிகள் இருந்தால் சலித்துவிடுங்கள். நீங்கள் ஆலைக்குப் போகும் நாளில் எனக்கும் ஒரு மூட்டை சொல்லி வையுங்கள்.